பளு வண்டிக்குப் பெரிய டயர்: பொருத்துமுன் போடவேண்டிய கணக்கு

மோட்டார் வண்டியின் பாகங்களுள் தரையைத் தொடுவது டயர் ஒன்றே. எஞ்சின் தரும் உந்துதலும், பிரேக்கு தரும் தடையும், ஸ்டியரிங் தரும் திருப்பமும் ஈற்றில் டயரின் அடியிலுள்ள ஒரு சிறு பரப்பின் வழியாகவே தரையைச் சென்று சேர்கின்றன. அப்பரப்பு ஒரு பாடப்புத்தகத்தின் பக்கத்தைவிடச் சிறியது. ஆதலின், தேய்ந்த டயரை மாற்றும்போது, "ஓர் அளவு பெரிதாகப் போட்டால் என்ன?" என்று எழும் வினா சிறியதுபோலத் தோன்றினும், அதன் விளைவு வண்டி முழுவதையும் பற்றியதாகும்.

பூனா நகரின் வடமேற்கில் அமைந்த பாணேரை எடுத்துக்கொள்வோம். அதன் அருகே மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. அடுத்துள்ள பாஷாணில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடமும், இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இருக்கின்றன. இப்பகுதியிலிருந்து புறப்படும் பிக்கப் வண்டி ஒன்று மேற்கே பிரங்குட், பௌட், முல்ஷி வழியாகத் தாம்ஹிணிக் கணவாய்க்குச் செல்லலாம். வடக்கே நாராயண்காவை அடுத்த கோடத் வானொலித் தொலைநோக்கி நிலையத்திற்கும் செல்லலாம். தெற்கே காத்ரஜ் சுரங்கத்தைக் கடந்து சாதாராவிற்கும் செல்லலாம். மழைக்காலத்துச் சேறு, கணவாயின் ஏற்றம், நெடுஞ்சாலையின் நீண்ட இறக்கம் ஆகிய மூன்றையும் ஒரே வண்டி ஒரே வாரத்தில் சந்திக்க நேரும். சேற்றில் அடி தட்டாமல் செல்ல வேண்டுமென்ற எண்ணமே பெரும்பாலும் பெரிய டயரை நாடச் செய்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் நிறைவேறும், அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

டயரின் மேலுள்ள எழுத்து

டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர் 15 என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். இதில் மூன்று வேறு அளவுமுறைகள் கலந்துள்ளன. 215 என்பது காற்று நிரம்பிய டயரின் அகலம்; இது மில்லிமீட்டரில் கூறப்படுகிறது. 75 என்பது ஒரு விகிதம். அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. 15 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம். இது அங்குலத்தில் கூறப்படுகிறது. ஆர் என்னும் எழுத்து, உள்ளிருக்கும் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேர்குறுக்காக ஓடும் ரேடியல் வகையைக் குறிக்கும்.

இவ்வளவும் தெரிந்தால் டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 215 மி.மீ.-இல் நூற்றுக்கு 75 பங்கு 161.25 மி.மீ. ரிம்மிற்கு மேலும் கீழுமாக இரு சுவர்கள் இருப்பதால் 322.5 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. இரண்டையும் கூட்ட 703.5 மி.மீ. கிடைக்கிறது. இதே முறையில் 235/75 ஆர் 15 என்னும் டயரின் விட்டம் 733.5 மி.மீ. ஆகும். இரண்டாவது முதலாவதைவிட 30 மி.மீ. பெரியது, நூற்றுக்கு 4.3 பங்கு அதிகம்.

வண்டியின் அடிப்பாகம் உயர்வது விட்டத்தின் வேறுபாட்டில் பாதியளவே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஏனெனில், அச்சு நிற்பது சக்கரத்தின் நடுவில். ஆகவே 30 மி.மீ. பெரிய டயர் தரும் உயர்வு 15 மி.மீ. மட்டுமே, ஏறக்குறைய ஒரு விரலின் தடிப்பு. பலர் எதிர்பார்ப்பதைவிட இது மிகவும் குறைவு.

மாணவர்கள் செய்து பார்க்கக்கூடிய அளவை

டயரின் உண்மையான உருளும் சுற்றளவை வகுப்பிலேயே அளக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, காற்றழுத்தம் சரியாக உள்ளதெனக் கண்ட பின், டயரின் அடியிலும் அதற்கு நேரே தரையிலும் சுண்ணாம்புக் கோடு இடுக. வண்டியை மெல்லத் தள்ளி, சக்கரம் பத்துச் சுற்று உருண்டதும் மறுபடி தரையில் கோடு இடுக. இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் தூரம் கிடைக்கும். கணக்கின்படி 703.5 மி.மீ. விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் 2,210 மி.மீ. செல்ல வேண்டும். அளந்து பார்த்தால் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். பளுவினால் டயரின் அடிப்பாகம் நசுங்குவதே இதன் காரணம். காற்றைக் குறைத்தும், பளுவை ஏற்றியும் இதே அளவையைத் திரும்பச் செய்தால், எண்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதை மாணவர் நேரில் காண்பர்.

மீட்டரும் பதிவேடும்

வேகமானி சக்கரத்தின் வேகத்தை நேரே அறிவதில்லை. அது சுற்றுகளின் எண்ணிக்கையையே அறிகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் வைத்த கணக்கைக்கொண்டு வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் நூற்றுக்கு 4.3 பங்கு பெரிதானால், பழைய டயரில் மணிக்கு 60 கி.மீ. என்று காட்டிய அதே முள்நிலையில் வண்டி இப்போது 62.6 கி.மீ. வேகத்தில் செல்லும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்பது அதன் அமைப்பில் கொள்ளப்படும் நியதி. அதனால் சாதாரணமாக அது சற்றுக் கூட்டியே காட்டும். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை உண்டுவிடுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள வண்டியில் அக்கருவியும் இவ்வாறே ஏமாறும்.

தூரமானியும் இதற்கு விலக்கல்ல. மீட்டர் 10,000 கி.மீ. என்று காட்டும்போது வண்டி 10,426 கி.மீ. ஓடியிருக்கும். கள அலுவலகங்களில் டீசல் செலவு மீட்டர் தூரத்தைக்கொண்டு சரிபார்க்கப்படுகிறது. ஒரு வண்டி 1,000 லிட்டர் டீசலில் உண்மையாகவே 12,000 கி.மீ. ஓடியதாகக் கொள்வோம். லிட்டருக்கு 12 கி.மீ. ஆனால் பெரிய டயருடன் மீட்டர் 11,510 கி.மீ. மட்டுமே காட்டும், பதிவேட்டில் லிட்டருக்கு 11.5 கி.மீ. என்றே வரும். குற்றமற்ற ஓட்டுநரின்மேல் ஐயம் எழ இதுவே போதும். டயரின் அளவு மாறிய நாளைப் பதிவேட்டில் குறித்து வைப்பது ஆதலின் அவசியம்.

ஏற்றத்தில் இழப்பது

எஞ்சினின் முறுக்குவிசை கியர்களின் வழியாகச் சக்கரத்தை அடைந்து, சக்கரத்தின் விளிம்பில் தள்ளும் விசையாக மாறுகிறது. முறுக்குவிசை மாறாதிருக்க, ஆரம் கூடினால் விளிம்பில் கிடைக்கும் விசை குறையும். நெம்புகோலின் விதியே இது. 4.3 பங்கு பெரிய டயரில் தள்ளும் விசை நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு குறைகிறது. வண்டியின் பின்னச்சில் 4.1 என்னும் கியர் விகிதம் இருந்தால், அது 3.93 ஆனது போன்ற விளைவு உண்டாகும். சமதரையில் இது தெரியாது. தாம்ஹிணி ஏற்றத்தில் பளுவுடன் நின்று புறப்படும்போது தெரியும். கிளச்சை நீண்ட நேரம் பாதி அழுத்திப் பிடிக்க நேரும். அதன் தட்டு விரைவில் தேயும்.

சிலர் 31 அங்குல விட்டமும் 10.5 அங்குல அகலமும் உள்ள டயரை விரும்புகின்றனர். அதன் விட்டம் 787 மி.மீ. முன் கூறிய 703.5 மி.மீ. டயருடன் ஒப்பிட்டால் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு பெரியது. அப்போது முள் 60-இல் நிற்க வண்டி 67 கி.மீ. வேகத்தில் ஓடும், தள்ளும் விசையில் நூற்றுக்கு 10 பங்கிற்கு மேல் குறையும். பின்னச்சின் கியர் விகிதத்தையும் மாற்றாமல் இவ்வளவு பெரிய மாற்றத்தை வண்டி நன்கு தாங்காது.

இறக்கத்தில் இழப்பது

ஏற்றத்தில் குறைவது வசதி. இறக்கத்தில் குறைவது பாதுகாப்பு. பிரேக்கும் சக்கரத்திற்கு முறுக்குவிசையையே தருகிறது. ஆரம் கூடும்போது, பிரேக்கு மிதியை அதே அளவு அழுத்தினாலும், தரையில் கிடைக்கும் தடைவிசை அதே விகிதத்தில் குறையும். எஞ்சினைக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும், அதே கியரில், அவ்வாறே குறையும்.

இதன் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். மொத்தம் 2,900 கிலோகிராம் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் கீழிறங்குமானால், அது இழக்கும் நிலையாற்றல் ஏறக்குறைய 28 லட்சம் ஜூல். வேகம் கூடாதிருக்க வேண்டுமானால் இவ்வாற்றலில் பெரும்பகுதியைப் பிரேக்கும் எஞ்சினும் வெப்பமாக மாற்றியாக வேண்டும். 25 டிகிரி வெப்பமுள்ள 9 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதுமானது. அவ்வெப்பத்தைத் தாங்கவேண்டியவை சில கிலோகிராம் எடையுள்ள டிரம்களும் தட்டுகளுமே. அவை மிகச் சூடேறும்போது பிரேக்கின் பிடிப்பு தளர்கிறது.

காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நெடுஞ்சாலை நீண்ட இறக்கமாகச் செல்கிறது. பல விபத்துக்களைக் கண்ட இடம் இது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி இரவு இங்கே ஏராளமான வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சேதமுற்றன. இத்தகைய இறக்கங்களில் வண்டியைச் செலுத்துவோர் கியரை முன்கூட்டியே குறைத்து, எஞ்சினின் தடையால் இறங்குவதே முறை. நியூட்ரலில் இறக்குவது எந்த டயராயினும் பெருந்தவறு. பெரிய டயர் பொருத்திய வண்டியில், முன்பு மூன்றாம் கியரில் இறங்கிய இடத்தில் இரண்டாம் கியரை நாட வேண்டி வரலாம்.

பெரியது என்பதனால் உறுதியானது ஆகாது

இக்கட்டுரையில் தலையாய செய்தி இதுவே. டயரின் அளவு அதன் பளு தாங்கும் திறனைக் கூறுவதில்லை. அதைக் கூறுவது அளவுக்குப் பின்னே உள்ள எண்ணும் எழுத்தும் ஆகும். 105 எஸ் என்று இருந்தால், 105 என்பது பளுக் குறியெண். எஸ் என்பது வேகக் குறி. பளுக் குறியெண்கள் கிலோகிராமை நேரே காட்டுபவை அல்ல. அவற்றிற்கெனப் பட்டியல் உண்டு. 100 என்றால் 800 கிலோகிராம். 104 என்றால் 900. 105 என்றால் 925. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. 112 என்றால் 1,120. வேகக் குறிகளில் கியூ என்பது மணிக்கு 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180.

நம் வண்டியின் முழுப் பளுவில் பின்னச்சின்மேல் 1,880 கிலோகிராம் விழுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பின் டயரும் 940 கிலோகிராம் தாங்க வேண்டும். பளு வண்டிக்கென்றே கட்டப்பட்ட 215 டயர் 106 என்னும் குறியெண் உடையதாயின் 950 கிலோகிராம் தாங்கும், போதுமானது. கார், ஜீப் வகைகளுக்கான 235/75 ஆர் 15 டயர் ஒன்றில் 105 என்று பொறித்திருந்தால் அது 925 கிலோகிராமே தாங்கும். பார்வைக்குப் பெரியதும் அகன்றதுமான டயர் உண்மையில் குறைந்த திறனுடையது! இரு டயர்களும் சேர்ந்து 1,850 கிலோகிராம், பளுவோ 1,880. இதனோடு நில்லாது, கார் டயரைப் பளு வண்டியில் இடும்போது அதன் திறனை 1.10-ஆல் வகுத்தே கொள்ள வேண்டுமென்பது அமெரிக்க விதி. அவ்வாறு வகுத்தால் 841 கிலோகிராமே எஞ்சும். கள வேலையில் சரக்கு ஒருபுறமாகச் சாய்ந்திருப்பதும், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்குவதும் உண்டு என்பதை நினைத்தால், இக்குறைவின் ஆபத்து விளங்கும். திறனுக்கு மேல் பளு ஏற்றிய டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி விரிகிறது. உள்ளே வெப்பம் பெருகுகிறது. இழைகளும் இரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. நீண்ட ஓட்டத்தில், வெயில் மிகுந்த நேரத்தில், டயர் வெடிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிக உயர்ந்த பளுக் குறியெண்ணுள்ள டயரைப் பொருத்தியதனால் வண்டியில் ஏற்றத்தக்க சரக்கின் எடை கூடிவிடாது. அதை வரையறுப்பவை அச்சு, பட்டை வில்கள், சட்டம், பிரேக்கு ஆகியவையும், பதிவுச் சான்றிலுள்ள எடையுமே.

காற்றும் பிடிப்பும்

அகன்ற டயர் தரையை மிகுதியாகத் தொடும் என்பது பொதுவான நம்பிக்கை. தொடும் பரப்பு, தோராயமாக, பளுவைக் காற்றழுத்தத்தால் வகுத்த ஈவாகும். டயர் தாங்கும் பளு 940 கிலோகிராம். காற்று 60 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோகிராம், பரப்பு ஏறக்குறைய 224 சதுர சென்டிமீட்டர். அதே பளுவும் அதே காற்றும் இருக்குமானால், அகன்ற டயரிலும் பரப்பு பெரிதும் மாறாது. அதன் வடிவம் மட்டும் நீளத்தில் குறைந்து அகலத்தில் கூடும். மழைநீர் தேங்கிய சாலையில் இது நன்மையன்று. அகன்ற டயர் தன் முன்னுள்ள நீரை விலக்க அதிகம் பாடுபட வேண்டியிருப்பதால், நீர்ப்படலத்தின்மேல் மிதந்து வழுக்கும் நிலை குறைந்த வேகத்திலேயே நேரக்கூடும். சேற்றில் பிடிப்பு வேண்டுவோர்க்கு அளவைவிடப் பட்டன்களின் அமைப்பே முக்கியம். ஆழமும் இடைவெளியும் உள்ள பட்டன்கள் சேற்றைப் பற்றும். ஆனால் தார்ச்சாலையில் ஒலியெழுப்பும், விரைவில் தேயும்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். 30 டிகிரியில் 60 பவுண்டு காட்டிய டயர், ஓட்டத்தில் 60 டிகிரிக்குச் சூடேறினால் 67 பவுண்டு காட்டும். வாயு விதியின்படி இது இயல்பே. மிகுந்துவிட்டதென்று அப்போது காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றுடன் பளுவைச் சுமக்கும்.

பொருந்துமா என்று காணும் முறை

அகன்ற டயருக்கு ஏற்ற அகலமுள்ள ரிம் வேண்டும். டயர் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒவ்வோர் அளவுக்கும் உரிய ரிம் அகலங்கள் தரப்பட்டிருக்கும். குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் நடுப்பகுதி பிதுங்கி, நடுவில் மட்டும் தேயும். வளைவில் டயர் அசைந்தாடும். பிறகு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, முன் டயர் மட்கார்டு, சட்டம், பிரேக்கு ரப்பர் குழாய் இவற்றில் உரசுகிறதா என்று காண வேண்டும். வெறும் வண்டியில் பார்ப்பது போதாது. முழுப் பளுவுடனும் பார்க்க வேண்டும். பளு ஏறும்போது வில்கள் தாழ்ந்து, பின் டயருக்கும் சரக்குத் தொட்டிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் புதிய அளவு அமருமா என்பதும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது.

ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களும் ஒரே அளவாக இருத்தல் நலம். நான்கு சக்கரமும் உந்தும் வண்டியில் இது கட்டாயம். முன்னே 703.5 மி.மீ., பின்னே 733.5 மி.மீ. என்று இருந்தால், ஒரு கிலோமீட்டரில் முன் சக்கரம் 452 முறையும் பின் சக்கரம் 434 முறையும் சுற்ற முயலும். இந்த 18 சுற்று வேறுபாட்டைத் தாங்கவேண்டியவை இடையிலுள்ள கியர்களே.

வாங்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்றும், செய்யப்பட்ட காலம் யாதென்றும் காண்க. நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இதனை வலியுறுத்தியது. ஆதலின் நேர்மையான வழி இதுவே: அதே மாதிரி வண்டிக்குத் தயாரிப்பாளர் இரண்டு டயர் அளவுகளைக் குறித்திருந்தால், அவற்றுள் பெரியதை நாடலாம், இல்லையேல் மூல அளவிலேயே நிற்க வேண்டும். ஐயமிருப்பின் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவு பெறுக. மாறுதல் பதிவில் ஏறாதிருப்பின், விபத்துக்குப் பின் காப்பீட்டு ஈடு பெறுவதிலும் இடையூறு நேரலாம்.

முடிவாக, பெரிய டயரை நாடுவோர் தம் தேவை யாதென்று முதலில் தெளிதல் வேண்டும். அடி தட்டாமை வேண்டுமெனில், கிடைப்பது 15 மி.மீ. மட்டுமே. சேற்றில் பிடிப்பு வேண்டுமெனில், மூல அளவிலேயே ஏற்ற பட்டன் அமைப்பு உண்டு. மிகுதியான பளு வேண்டுமெனில், அதற்கு உரியது வேறு வண்டி. நீண்ட ஆயுள் வேண்டுமெனில், சரியான காற்றும், சக்கர நேர்மையும், உரிய காலத்தில் டயர்களை இடம் மாற்றுதலும் போதும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் குறையுமுன் டயரை அகற்றிவிட வேண்டும். இவற்றுள் எதனாலும் தீராத தேவை உண்டெனில், விட்டம், பளுக் குறியெண், ரிம், இடைவெளி, சட்டம் ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் ஆராய்க. ஒரு தாளும் பென்சிலும் கொண்டு கால் மணி நேரத்தில் முடியக்கூடிய இவ்வேலை, இறக்கத்தில் முன்செல்லும் வண்டியிலுள்ளோரின் உயிரையும் காப்பதாகும்.